மஞ்சள் பூவும் மலேயா ரப்பரும்

1927-ம் வருஷம். தாமஸ் ஆல்வா எடிசனுக்கு எண்பது வயது. பல்பு, ஃபோனோகிராஃப் என்று அமெரிக்காவில் மட்டும் 1,093 பேட்டன்ட் வாங்கியவர். பேசாமல் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? களைச்செடிகளை ஆராயக் கிளம்பினார்!

காரணம், ரப்பர். அன்றைக்கு உலகத்தில் விளைந்த ரப்பரில் பாதிக்கு மேல் வாங்கியது அமெரிக்காதான். விளைந்ததோ பெரும்பாலும் பிரிட்டிஷ், டச்சு காலனிகளில். மலேயா எஸ்டேட்களில் விடிவதற்குள் எழுந்து பால் வெட்டியவர்களில் ஏராளமானோர், நம் பக்கத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள். 1922-ல் பிரிட்டன் ரப்பர் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. 1925-ல் விலை பவுண்டுக்கு ஒரு டாலரைத் தாண்டியது. நாளைக்கே யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனால்? கார், லாரி, ராணுவம் எல்லாம் அம்போ!

எடிசன், கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு, டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் மூவரும் ஆளுக்கு 25,000 டாலர் போட்டு ஆராய்ச்சிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். ரப்பர் மரம் பால் தர வருஷக்கணக்காகும். அமெரிக்க மண்ணிலேயே சடசடவென்று வளர்ந்து, மெஷினால் அறுக்கக்கூடிய செடி வேண்டும். இதுதான் கண்டிஷன். சுமார் 17,000 செடி மாதிரிகளைச் சோதித்தார்கள். ஜெயித்தது கோல்டன்ராட். ‘தங்கக் கோல்’ என்று அர்த்தம். வயல் ஓரங்களில் தானாக முளைக்கிற மஞ்சள் பூச்செடி.

சிக்கல் இங்கேதான். கோல்டன்ராட் என்பது ஒரு செடி அல்ல. நூறு இனங்களுக்கு மேல் உள்ள பெரிய கூட்டம். பெரும்பாலானவை வட அமெரிக்காவின் சொந்தச் செடிகள். அநேகமாக எல்லாவற்றிலும் கொத்துக்கொத்தாகக் குட்டி மஞ்சள் பூக்கள். பூவை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றால்... ம்ஹூம்!

அப்புறம் எப்படி? தண்டில் ரோமம் இருக்கிறதா, வழவழப்பா? இலையில் நடுநரம்பு மட்டுமா, பக்கத்தில் இன்னும் இரண்டு ஓடுகிறதா? விளிம்பில் பல் உண்டா? பூங்கொத்து கூம்பாக விரிகிறதா, குச்சியாக நிமிர்கிறதா? இத்தனையும் பார்க்க வேண்டும். அப்படியும் இரண்டு இனங்கள் கலந்து புதுசாக ஒன்று பிறந்து கழுத்தறுக்கும். அமெரிக்கத் தாவரவியலின் பிதாமகர் ஆசா கிரேயே 1880-களில் இந்தக் கூட்டத்தை வகை பிரிக்கத் திணறினார்.

எடிசனுக்கு இது வெறும் பெயர்ப் பிரச்னை அல்ல. ரப்பர் இருப்பது இலையில். ஒரு இனத்தின் இலையில் உருப்படியாகக் கிடைக்கும். அச்சு அசலாக அதே மாதிரி பக்கத்தில் நிற்பதில் பேருக்குத்தான் இருக்கும். ஆள் மாறினால் மொத்த முதலும் போச்சு! நியூயார்க் தாவரவியல் பூங்கா நிபுணர்களின் உதவியோடு அவர் கடைசியில் தேர்ந்தெடுத்தது ‘சாலிடாகோ லெவன்வொர்த்தி’. லெவன்வொர்த் என்ற ராணுவ டாக்டரின் பெயர் தாங்கிய செடி.

அதிலும் செடிக்குச் செடி வித்தியாசம். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார். வருஷாவருஷம் மண்ணுக்குள்ளிருந்து மறுபடி துளிர்க்கிற ஜாதி என்பதால், அடித்தண்டைப் பிரித்து நட்டால் தாயின் குணம் அப்படியே வரும். கடைசியில் பன்னிரண்டு அடி உயரச் செடியும் 12 சதவிகிதம் வரை ரப்பரும் கிடைத்தன.

1931 அக்டோபர் 18-ல் எடிசன் இறந்தார். 1942-ல் ஜப்பான் மலேயாவைப் பிடித்தது. அவர் பயந்தது அப்படியே நடந்தது. ஆனால் அமெரிக்காவைக் காப்பாற்றியது கோல்டன்ராட் அல்ல, தொழிற்சாலையில் தயாரான செயற்கை ரப்பர். பூச்செடி ரப்பரில் பிசுபிசுப்பு அதிகம், வலு கம்மி. லாப நஷ்டக் கணக்கில், நஷ்டம்தான்.

இன்றைக்கும் அங்கே கோடை முடிவில் தும்மல் வந்தால் பலர் கோல்டன்ராடைத்தான் திட்டுகிறார்கள். நிஜக் குற்றவாளி, அதே சீஸனில் பூக்கும் ராக்வீட். அதன் மகரந்தம் காற்றில் பறக்கும். கோல்டன்ராடின் மகரந்தமோ பிசுபிசுப்பானது, பூச்சியின் காலில் ஒட்டித்தான் ஊர் போகும். மூக்குக்குள் வர அதற்கு ஏது வழி? எண்பது வயதில் எடிசன் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த செடியை, இவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்!