காசின்றிக் கூடிய அவைகள்

காஞ்சி மாநகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோயில், கல்வி, பட்டு என்னும் மூன்றையே விரித்துரைப்பர். பெரிய காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் பகல் முழுதும் உழைத்தபின் எங்கே கூடின, எதைக் கேட்டன, எதைக் கண்டு மகிழ்ந்தன என்பதும் வரலாறே ஆகும். பேரப் பிள்ளை முதல் பாட்டி வரை ஒரு காசும் கொடாமல் வந்தமர்ந்த அவைகள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளன. ஆயினும், கட்டணமின்மை என்பது செலவின்மை அன்று. அச்செலவை ஏற்றவர் யார், அவ்வவையில் அமர முடிந்தவர் யார் என்னும் இரு வினாக்களை எழுப்பினாலன்றி அவற்றின் வரலாறு விளங்காது.

முதல் வினாவிற்குப் பழையதொரு விடை காஞ்சிக்கு வடக்கேயுள்ள கூரத்தில் கிடைக்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்குகளாகப் பிரித்து அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. அவற்றுள் ஒரு பங்கு கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்றும், மற்றொரு பங்கு அம்மண்டபத்தின் தண்ணீருக்கும் தீக்கும் என்றும் ஒதுக்கப்பட்டன. வாசிப்பவரை மட்டும் எண்ணாமல், வாசிப்பு நிகழும் இடத்தின் சிறு தேவைகளையும் எண்ணிய அக்கறை போற்றத்தக்கது. எனினும், 20 பங்குகள் நான்மறையாளர்க்கு வழங்கப்பட்டன. அது அவர்தம் குடியிருப்பைச் சார்ந்த மண்டபம் என்பதை மறத்தலாகாது.

பெரிய காஞ்சிபுரத்துக் குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அரங்கேற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் மண்டபம் அக்கோயிலில் இன்றும் காட்டப்படுகின்றது. காப்புச் செய்யுளின் முதற்சொற்புணர்ச்சிக்கு இலக்கணம் இல்லை என அவையில் ஒருவர் தடை எழுப்ப, வீரசோழியத்தில் விதி காட்டப்பட்ட பின்னரே அரங்கேற்றம் தொடர்ந்தது என்று அம்மரபு கூறும். முருகனே அடியெடுத்துக் கொடுத்ததாகக் கருதப்படும் பாடலையும் அவையினர் தடுத்து வினவலாம் என்பது இக்கதையின் உட்பொருள். கேட்போர் வெறும் பார்வையாளர் அல்லர். நூலை ஏற்கவும் மறுக்கவும் உரியவர் எனக் கருதப்பட்டனர்.

இனி, இரண்டாம் வினா. கோயில் மண்டபங்களின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1939-இலும் 1947-இலும் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டங்களுக்குப் பின்னரே அந்நிலை சட்டப்படி மாறியது. வாயிலுக்கு வெளியே நின்ற மக்கள் பலர்க்கும் தெருவே அவையாயிற்று. சாதி வரம்பு தெருவையும் விட்டுவைக்கவில்லை என்றாலும், கூத்தின் பாட்டும் முழவொலியும் சுவருக்குள் அடங்குவன அல்ல.

காஞ்சி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களின் பாரத விழாவில், பிற்பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய சொற்பொழிவும், இரவில் விடியும்வரை கட்டைக்கூத்தும் நடைபெறும். அருச்சுனன் தபசில் நடிகர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறி எறியும் எலுமிச்சம்பழத்திற்காகப் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பர். இறுதியில் மண்ணாற் செய்த துரியோதனன் பேருருவின்முன் படுகளம் நிகழ, திரௌபதி கூந்தல் முடிப்பாள். இவற்றுக்கெல்லாம் நுழைவுச்சீட்டு இல்லை. தலைக்கட்டு வரியும் உபயதாரர் கொடையும் செலவைத் தாங்கின. கூரத்தில் அரசன் ஒதுக்கிய பங்கை இங்கே குடிகளே தமக்குள் பகிர்ந்துகொண்டனர்.

நெசவாளர் குடும்பங்களுக்கு இவ்விரவுகள் பெரும்பேறாயின. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாதலின், கரைக்கென ஓடும் நாடாவை எறிய நெய்பவர்க்குத் துணையாள் ஒருவர் வேண்டும். அத்துணையாள் பெரும்பாலும் சிறுவராகவோ சிறுமியராகவோ இருந்தனர் என்பது காஞ்சிப் பட்டின் கசப்பான வரலாறு. பகலில் பள்ளியைக் காணாத அப்பிள்ளைகள் தாயின் மடியில் அமர்ந்து கேட்ட பாரதமே அவர்தம் முதற்பாடமாயிற்று. அதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது. பள்ளிக்கு ஈடாயிற்று எனக் கொண்டாடுதலும் பொருந்தாது.

பார்வையாளராகப் பெண்கள் திரண்ட அதே கூத்தில், திரௌபதியாக ஆடியவர் ஆடவரே. இம்மரபு அண்மைக்காலத்தில் தளர்ந்தது. பெருங்கட்டூர் இராஜகோபால் முதலிய கலைஞர்களால் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் நிறுவப்பெற்றது. காஞ்சிக்கருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம், பள்ளிக் கல்வியோடு கூத்தினையும் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் ஒருங்கே பயிற்றியது. தாயின் மடியிலிருந்து கூத்தைக் கண்ட சிறுமி களரியில் ஏறிக் கால்வைக்க இத்தனை தலைமுறைகள் ஆயின.

இக்காலத்தில் அந்தப் பழைய பங்கீட்டின் சாயலைப் பொது நூலகத்தில் காணலாம். 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் சேர்த்தது. நூலகத்தினுள் அமர்ந்து நாளிதழைப் புரட்டும் முதியவரும் கதைநூலைத் தேடும் சிறுமியும் அவ்வரியின் பயனையே நுகர்கின்றனர்.

கூரத்து மண்டபம் முதல் நூலகக் கூடம் வரை நோக்கின் ஓருண்மை புலனாகும். செலவை ஏற்பவர் மாறலாம்: அரசன், ஊரார், வரிசெலுத்தும் குடிமக்கள். ஏற்பவர் எவரும் இல்லாத நாளில் அவை கலைந்துவிடும். செலவை ஏற்றபின்னும் வாயிலை ஒரு சிலர்க்கே திறப்பின் அது பொது அவை ஆகாது. தண்ணீருக்கும் தீக்கும் ஒரு பங்கு ஒதுக்கிய வட்டாரம் இது. எல்லார்க்கும் அமர இடம் ஒதுக்குவதே அது இன்னும் நிறைவு செய்யவேண்டிய பங்கு.