மறுசீரமைப்பு நீதி: தாம்பரம் வட்டார வரலாறு

மறுசீரமைப்பு நீதி என்பது குற்றத்தைச் சட்டமீறலாக மட்டும் பாராமல், ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்காகப் பார்க்கும் முறை. தீங்கு செய்தவர் அதை ஒப்புக்கொள்வார்; பாதிக்கப்பட்டவர் தம் இழப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்வார்; அந்த இழப்பை எப்படிச் சரிசெய்வது என்று இருவரும், அவர்களைச் சார்ந்தவர்களும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. செய்தவர் மறுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வர வேண்டும். நடுவில் இருப்பவர் இரு தரப்பில் எவருக்கும் கடமைப்பட்டவராக இருக்கக் கூடாது. இவற்றில் இரண்டாவது நிபந்தனைதான் மிகச் சுலபமாக உடைகிறது. தாம்பரத்திலும் சென்னையின் தென்புறத்திலும் இந்த நீதி நடந்து வந்த கதையைப் பார்த்தால், பெரும்பாலும் அந்த நிபந்தனை உடைந்த இடங்களும் காப்பாற்றப்பட்ட சில இடங்களுமே கண்ணில் படுகின்றன.

தாம்பரத்துக்கு வடமேற்கே உள்ள குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் கதை வருகிறது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்துவிடுகிறது. முறையிடுவோர் அடிக்கும் ஆராய்ச்சி மணியைத் தாய்ப்பசு அசைக்கிறது. சாத்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொல்ல, அரசன் அதை ஏற்காமல் தன் மகன்மேல் தேரை ஏற்றுகிறான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. நீதி என்றதும் தமிழ் மனத்தில் முதலில் எழுவது அந்தத் தேர்தான். ஆனால் கதை தேரோடு முடிவதில்லை. இறைவன் தோன்றி, கன்று, இளவரசன், அரச ஆணையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட அமைச்சன் ஆகிய மூவரையும் எழுப்புகிறார். இழந்தது திரும்பி வந்தால்தான் பசுவின் துயர் தீரும் என்பதைச் சேக்கிழார் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

அதே சோழர் காலக் கல்வெட்டுகள் காட்டும் நடைமுறை வேறு. வேட்டையில் குறி தவறி அம்பு ஆள்மேல் பாய்ந்து உயிர் போன வழக்குகள் சில கோயில் சுவர்களில் பதிவாகியுள்ளன. ஊராரும் நாட்டாரும் கூடி விசாரித்து, கொல்லும் எண்ணம் இல்லை என்று கண்டால் மரண தண்டனை விதிப்பதில்லை. இறந்தவர் பெயரில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக் கொலைக்குக் காரணமானவர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு விளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள். ஆடு மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானவற்றுக்கும் செத்தவற்றுக்கும் பதிலாகக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். தன் கையால் போன உயிருக்குத் தன் செல்வத்தால் அணையாத சுடர் ஒன்றை ஏற்றிவைப்பது உலகின் எந்த நீதிமுறைக்கும் குறையாத கற்பனை. ஆனாலும் அந்தக் கற்களில் இறந்தவரின் மனைவி என்ன கேட்டாள் என்ற பேச்சு பெரும்பாலும் இல்லை. ஆடுகள் கோயிலுக்குப் போயின. வீட்டுக்கு எது போனது என்பதைக் கல் சொல்வதில்லை.

தென்சென்னைக் கடலோரத்தில் கொட்டிவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் எனக் கோவளம் வரை நீளும் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் படகு இன்னொருவர் வலையை அறுத்துவிட்டால் இருவரும் காவல் நிலையத்துக்கு ஓடுவதில்லை. ஊர் கூடுகிறது, அறுந்த வலைக்கு விலை பேசப்படுகிறது, சபையில் மன்னிப்புக் கேட்கப்படுகிறது, தண்டம் கட்டப்படுகிறது. நாளைக் காலையும் இருவரும் அதே கரையிலிருந்துதான் படகு தள்ள வேண்டும் என்பதால் உறவை முறிக்காத தீர்ப்பு அங்கே உயிர்த் தேவை. இதே சபையில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும், தீர்ப்பை ஏற்காதவரை ஊரைவிட்டு விலக்கிவைக்கும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில் தலையாட்டுபவரின் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆங்கிலேயர் ஆட்சி குற்றத்தை அரசின் சொத்தாக்கியது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவின் பரிந்துரையால் 1816இல் வந்த சட்டங்கள் சென்னை மாகாணத்தில் கிராம முன்சீபுகளுக்கும் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் தந்தன. 1888இல் கிராம நீதிமன்றச் சட்டம் வந்தது. இவை பெரும்பாலும் பணத் தகராறுகளோடு நின்றன. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்குப் பின் அடிபட்டவர் தம் வழக்கிலேயே ஒரு சாட்சியாகச் சுருங்கினார். அவர் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் வழக்கு அரசுடையது. ‘சமாதானமாகப் போகலாம்’ எனச் சட்டம் பட்டியலிட்ட சில குற்றங்களில் மட்டும் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது, இன்றும் அப்படித்தான்.

இந்த நீதிமுறை தற்காலப் பெயரும் வடிவமும் பெற்றது வெளிநாடுகளில். 1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்ஸி, அவர்களை வீடு வீடாக அழைத்துப்போய் உரியவர்களைச் சந்திக்க வைக்கலாம் என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி இசைந்தார், இளைஞர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டி, சேதத்தைக் கேட்டறிந்து ஈடுகட்டினார்கள். 1989இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் கூடிப்பேசும் மரபிலிருந்து எடுத்து, சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டத்தைச் சட்டமாகவே ஆக்கியது. 1990இல் அமெரிக்க அறிஞர் ஹோவர்டு ஸெர் எழுதிய நூல் இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996 முதல் நடத்திய விசாரணைகள் உலகம் முழுக்க இந்தச் சொல்லைக் கொண்டுசேர்த்தன. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் பணியாற்றிய கே. சொக்கலிங்கம் போன்றோரின் முயற்சியால் 1992இல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் உருவானது. குற்றவாளியை மட்டுமே ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு துறை அடிபட்டவர் பக்கம் திரும்பிய நாட்கள் அவை.

தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். உடன் இருந்த காவலர்களும் கட்சிக்காரர்களும் பொதுமக்களும் மாண்டார்கள். இவ்வழக்கில் மரண தண்டனை பெற்ற நளினியின் தண்டனை 2000இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. ராஜீவின் மனைவி சோனியா காந்தியின் கருணை வேண்டுகோள் அதற்கு முக்கியக் காரணம். 2008 மார்ச் 19 அன்று ராஜீவின் மகள் பிரியங்கா வேலூர் பெண்கள் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்தார். அரசு ஏற்பாடு செய்த சந்திப்பு அல்ல. செய்தி வெளியே வந்ததே அடுத்த மாதம்தான். தம் இழப்போடு அமைதி கொள்ளத் தாமே தேடிக்கொண்ட வழி என்று அவர் பின்னர் விளக்கினார். யாரும் அழைக்காமல் பாதிக்கப்பட்டவர் தாமே சிறைக்கதவைத் தட்டிய இந்த நிகழ்வுக்கு இணையாகத் தமிழ்நாட்டில் வேறொன்றைச் சொல்வது கடினம். அதே குண்டுவெடிப்பில் உறவினரை இழந்தோரிலும் காயம்பட்டோரிலும் சிலர், கைதிகளை விடுவிக்கக் கூடாது என்று கடைசிவரை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நளினி உள்ளிட்டோரை விடுவித்தபோது அவர்களுடைய வலி அப்படியேதான் இருந்தது. ஒருவர் மன்னித்தது இன்னொருவர் சார்பில் ஆகாது. பிரியங்காவின் சந்திப்பைப் போற்றுகிறவர்கள் அந்தக் குடும்பங்களின் மறுப்பையும் அதே மரியாதையோடு கேட்க வேண்டும்.

நீதிமன்றத்துக்குள் சமரசம் முறையாக நுழைந்ததில் சென்னைக்கு முதலிடம் உண்டு. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த இந்தியாவின் முதல் சமரச மையம் இது. மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு இதைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். சொத்துப் பங்கீடு, கணவன்–மனைவி பிணக்கு, வாடகை, கூட்டு வணிகம் போன்றவை இங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன.

மக்கள் நீதிமன்றம் இதிலிருந்து வேறானது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடக்கும் இந்த அமர்வுகளில் முடிவானால் மேல்முறையீடு கிடையாது; கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாம்பரம் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் விபத்தில் இறந்தவரின் குடும்பம் காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் எதிரே அமர்ந்து ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்கிறது. அந்தப் பணம் அக்குடும்பத்துக்கு மிகத் தேவையானது. பத்தாண்டு அலைச்சலைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வண்டி ஓட்டியவர் அந்த அறைக்கு வருவதே இல்லை. ‘அன்னைக்கு என்னதான் நடந்தது?’ என்று தாய் கேட்க நினைத்த கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆளில்லை. வழக்கு முடிகிறது, தீங்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்பகுதி மக்கள் சமரசத்தை அன்றாடம் சந்திக்கும் இடம் காவல் நிலையம். முடிச்சூர், பெருங்களத்தூர், சேலையூர் என ஏரிகளையும் வயல்களையும் மனைகளாக்கிக்கொண்டு நகரம் விரிந்தபோது, எல்லைக்கல், மழைநீர் வடியும் வழி, வண்டி நிறுத்துமிடம், திருப்பித் தராத அட்வான்ஸ் என்று தகராறுகளும் பெருகின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. 2022 ஜனவரி 1 முதல் தனிக் காவல் ஆணையரகம் வந்தது. புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. பிறகு எதிர்த்தரப்பையும் அழைத்து, ‘இனி பிரச்சினை செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கி அனுப்புகிறார்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும் பூர்வாங்க விசாரணைக்கு இடம் தந்தது. 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும் இதே கவுன்சலிங்தான் பெரும்பாலும் நடக்கிறது. நல்ல ஆய்வாளர் கையில் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். ஆனால் சீருடை அணிந்தவர் நடுவராக அமரும்போது, ‘சமாதானமா போயிடும்மா’ என்ற சொல் அறிவுரையா ஆணையா என்பது கேட்கும் பெண்ணுக்கு விளங்குவதில்லை. அடிபட்டவளை அடித்தவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புவதற்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைப்பது அநியாயம்.

2015இல் இந்த அநியாயம் உயர்நீதிமன்றம் வரை வந்தது. கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், பாலியல் வன்கொடுமைக்குத் தண்டிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவருக்கு ஜாமீன் வழங்கினார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது; அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வார்த்தையில் விருப்பமே இல்லை. அதே ஆண்டு ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், வன்கொடுமை வழக்குகளில் சமரசத்துக்கு எந்தச் சூழலிலும் இடமில்லை என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சில நாட்களில் சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. சாதி வன்கொடுமை வழக்குகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஊரின் நிலமும் கூலியும் ஒரு தரப்பின் கையில் இருக்கும்போது மறு தரப்பு தரும் ‘சம்மதம்’ பசியின் சம்மதம்.

வேறு விதமான முயற்சிகளும் உண்டு. 2022இல் சாலையில் பைக் சாகசம் செய்து பிடிபட்ட இளைஞர் ஒருவர், அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் ஊழியர்களுக்கு உதவ வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் ஜாமீன் நிபந்தனை விதித்தது. உடைந்த கால்களையும் கதறும் உறவினர்களையும் அன்றாடம் காண்பது எந்த அபராதத்தையும்விட ஆழமாகப் பதியும்.

இந்நீதி மிகவும் தேவைப்படுவது சிறார் வழக்குகளில். 1920இல் சென்னை மாகாணம் நாட்டிலேயே முதலாவதாகச் சிறார் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி இருந்தது. இன்றைய 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்யாத நிலையில், சிறார்மீது முதல் தகவல் அறிக்கையே வேண்டாம். பொது நாட்குறிப்பில் பதிந்து, அந்தப் பிள்ளையின் வீட்டுச் சூழலை எழுதி இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்பினால் போதும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள்.

விதிகள் இப்படி இருக்க, 2022 டிசம்பர் இறுதியில் தாம்பரத்தில் பேட்டரி திருடியதாக ஒரு 17 வயதுச் சிறுவன் பிடிக்கப்பட்டான். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்ட அவன் டிசம்பர் 31 அன்று இறந்தான். அவனை அடித்ததாக இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். 2023இல் சிறார் இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. அதே ஆண்டில் அறிக்கையும் வந்தது.

பொதுச் சட்டங்களிலும் அண்மையில் சில மாற்றங்கள் வந்துள்ளன. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் அக்கம்பக்கத் தகராறுகளுக்கு, இரு தரப்பும் இசைந்தால், மூவர் கொண்ட சமூகச் சமரசக் குழுவை முன்வைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூக சேவையை முதல் முறையாகத் தண்டனைகளின் பட்டியலில் சேர்த்தது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதல் தடவையாகப் பிடிபட்டு, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. திருடியவர் பொருளுக்கு உரியவரைப் பார்த்து ஒரு சொல் பேச வேண்டுமா, உரியவர் அதை விரும்புகிறாரா என்று கேட்கும் வரி அந்தப் பிரிவில் இல்லை.