நார்கோலெப்சியில் மூளை மின்னலைகள்

நார்கோலெப்சி என்பது விழிப்பையும் உறக்கத்தையும் அதனதன் எல்லைக்குள் நிறுத்திவைக்கும் மூளையின் பிடி தளர்வதால் வரும் நாள்பட்ட நரம்பு நோய். ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பகலில் அடக்க முடியாமல் வரும் தூக்கம்தான் முதன்மையான அறிகுறி. வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலை வரைவில் தெரியும் கூர்முனைகளைப் போன்ற தனி அடையாளம் எதுவும் இந்நோய்க்கு இல்லை. நார்கோலெப்சி உள்ளவர்களிடம் பதிவாகும் ஒவ்வோர் அலையும் நலமாக இருப்பவர்களிடமும் பதிவாவதே. அலைகள் வரும் வரிசையும் வேளையும்தான் குலைந்திருக்கும்.

அந்த வரிசை வழக்கமாக எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்ஃபா அலை ஓடும். தூக்கம் கவியும்போது அது கலைந்து, அதைவிட மெதுவான தீட்டா அலைகள் வரும்; மூடிய இமைகளுக்குள் விழிகள் மெல்ல உருளும். இரண்டாம் கட்டத்தில் அரை விநாடியோ சற்றுக் கூடுதலாகவோ நீடிக்கும் உறக்கக் கதிர்களும், கே கூட்டலைகளும் தென்படும். மூன்றாம் கட்டமான ஆழ்ந்த உறக்கத்தில், விநாடிக்கு இரண்டுக்கும் குறைவான, 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயரும் டெல்டா அலைகள் எழும். இவை எல்லாம் கடந்து, படுத்துச் சுமார் 90 நிமிடங்கள் ஆன பிறகுதான் கனவு மிகுந்த ரெம் உறக்கம் வரும். சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளெய்ட்மனும் 1953இல் இதை விவரித்தார்கள். அப்போது மூளையின் அலைகள் விழிப்பில் இருப்பவை போலவே சிறுத்து வேகமெடுக்கும், கண்கள் துள்ளும், கைகால் தசைகள் முற்றிலும் தளர்ந்துகிடக்கும்.

நார்கோலெப்சி உள்ளவர் அடிக்கடி இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். தூங்கத் தொடங்கிய 15 நிமிடங்களுக்குள், சில வேளை ஓரிரு நிமிடங்களிலேயே, ரெம் வந்துவிடுகிறது. தூக்கத்தின் வாசலிலேயே ரெம் நிற்கும் இந்த நிலையை ஜெரால்டு வோகல் 1960இல் பதிவு செய்தார். இரவு முழுக்க எடுத்த வரைவில் இன்னொரு குலைவும் தெரியும்: அடிக்கடி விழிப்பு, ஒரு கட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஓயாத தாவல், மேலோட்டமான முதல் கட்ட உறக்கம் மிகுதல். ரெம் உறக்கத்தில் அடங்கியிருக்க வேண்டிய தசைகள் சிலருக்கு அடங்காமல் துடிக்கும். இவர்கள் எந்நேரமும் தூங்கிக் கழிப்பவர்கள் என்ற எண்ணம் தவறு. 24 மணி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், இவர்களில் பெரும்பாலோர் தூங்கும் அளவு மற்றவர்களைவிட அதிகம் இல்லை. அந்தத் தூக்கம் துண்டு துண்டாகி, பகலெங்கும் சிதறிக் கிடக்கிறது.

நோயை உறுதிசெய்ய, இரவுப் பதிவை அடுத்து பகலில் பல்முறை உறக்கத் தாமதச் சோதனை நடத்தப்படும். இதை மேரி கார்ஸ்கேடனும் வில்லியம் டிமெண்டும் 1970களில் உருவாக்கினர். உச்சந்தலை, பின்மண்டை, கண்ணோரம், தாடை என மின்முனைகளைப் பசையால் ஒட்டி, இருட்டறையில் படுக்கவைத்து, கண்ணை மூடித் தூங்க முயலச் சொல்வார்கள். இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து முறை, முறைக்கு 20 நிமிடம் தூங்க வாய்ப்பு. தொழில்நுட்பர் பக்கத்து அறையில் திரையைப் பார்த்திருப்பார். ஆல்ஃபா கலைகிறது, தீட்டா வருகிறது. கதிர்கள் தோன்ற வேண்டிய இடத்தில் அரம்பப் பல் போன்ற அலைகள் வரிசைகட்டுகின்றன. தாடைத் தசையின் கோடு தட்டையாகிறது. கண்களின் கோடு இருபுறமும் வெட்டி வெட்டி எகிறுகிறது. எழுப்பிக் கேட்டால், கனவு கண்டதாகச் சிலர் சொல்வார்கள். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு முறை இப்படி ரெம்முக்குள் நுழைந்தால், அது நார்கோலெப்சியைச் சுட்டும். முந்தைய இரவில் 15 நிமிடத்துக்குள் வந்த ரெம்மும் ஒன்றாகக் கணக்கில் சேரும். ஆனால் போதிய தூக்கமின்றி வந்தவரிடமும், இரவுப் பணி செய்பவரிடமும் இதே முடிவு கிடைக்கலாம். அதனால்தான் சோதனைக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத் தூக்கத்தைக் குறித்துவரச் சொல்கிறார்கள். ரெம்மை அடக்கும் மனச்சோர்வு மருந்துகளை, மருத்துவர் மேற்பார்வையில், முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும். இந்த முன்தயாரிப்பு இல்லாத வரைவை நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

எல்லை குலைவது தூக்கத்தோடு முடிவதில்லை. ரெம்மின் ஒரு துண்டு மட்டும் விழிப்புக்குள் நுழைந்துவிடலாம். வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்குவதும், தாடை தொங்கிப் பேச்சுக் குழறுவதும் இதனால்தான். கேட்டப்ளெக்சி எனப்படும் இந்த நிலையின் தொடக்கத்தில் நினைவு தப்புவதில்லை. மின்னலைகள் விழிப்பையே காட்டும், தசை மட்டும் ரெம்மில் இருக்கும். கண் விழித்தும் உடலை அசைக்க முடியாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் திணறுவதும் அவ்வகையே. அமுக்குவான் பேய் என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். நோயில்லாதவர்களுக்கும் இது எப்போதாவது வரும்.

இவற்றுக்கெல்லாம் காரணம் மூளைக்குள் உள்ள ஹைபோதலாமசின் பக்கவாட்டுப் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள சில பத்தாயிரம் நரம்பணுக்கள் மட்டுமே ஹைப்போகிரெட்டின் அல்லது ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. விழிப்பை நிலைநிறுத்துவதும் ரெம்மைத் தடுத்துவைப்பதும் அதன் வேலை. 1998இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அதைக் கண்டறிந்தன. அடுத்த ஆண்டே, நார்கோலெப்சி உள்ள டோபர்மேன் நாய்களில் அதன் ஏற்பி மரபணு பழுதடைந்திருப்பதை ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிஞ்ஞோவின் குழு காட்டியது. கேட்டப்ளெக்சியோடு வரும் முதல் வகை நோயில் இந்த அணுக்களில் பெரும்பாலானவை அழிந்திருப்பது 2000இல் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே அவற்றைத் தாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. கேட்டப்ளெக்சி இல்லாத இரண்டாம் வகைக்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

அறிகுறி தொடங்கி நோய் இன்னதென்று தெரியப் பல ஆண்டுகள் ஆவது உலகெங்கும் வழக்கமாக இருக்கிறது. அதுவரை வகுப்பில் தூங்கும் பிள்ளைக்குச் சோம்பேறிப் பட்டம் கிடைக்கிறது. சிரித்து விழுந்தவருக்கு வலிப்பு மாத்திரை எழுதப்படுகிறது. பிள்ளையின் மதிப்பெண்ணும் தன்மானமும் அந்த ஆண்டுகளில் படும் அடியை எந்த வரைவும் காட்டாது.

அழிந்த அணுக்களை மீட்க வழியில்லை. மோடாஃபினில் பகல் விழிப்பைக் கூட்டுகிறது. வென்லாஃபாக்சின் ரெம்மை அடக்கிக் கேட்டப்ளெக்சியைக் குறைக்கிறது. இரவில் அருந்தும் சோடியம் ஆக்சிபேட் டெல்டா அலைகளைப் பெருக்கித் தூக்கத்தைச் சேர்த்துக்கட்டுகிறது. பகலில் நேரம் குறித்து 15–20 நிமிடம் கண்ணயர்வதும் சிகிச்சையின் பகுதிதான். ஓரெக்சின் ஏற்பியையே நேரடியாகத் தூண்டும் மாத்திரைகள் 2020களில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. மருந்து பலன் தருகிறதா என்பதை அளக்க முந்தைய சோதனையைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள்: மங்கிய வெளிச்சத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தூங்காமல் இருக்க வேண்டும். 40 நிமிடம் தாக்குப்பிடிக்கிறாரா, எந்த நிமிடத்தில் உறக்கத்தின் அலை முதலில் வருகிறது என்று குறித்துக்கொள்வார்கள்.