18 தோல்கீற்றுகள்

புத்தகத்தைத் தைக்கும் நூல் இறுகினால் மடிப்பில் தாள் கிழியும். அதைத் தடுக்க மடிப்பின் நடுவே ஒரு தோல்கீற்றை வைத்துத் தைப்பார்கள் அந்தக் கால ஐரோப்பிய பைண்டர்கள். 15ஆம் நூற்றாண்டில், போலந்தின் லெஜாய்ஸ்க் ஊரில், திருத்தூதர் பணிகளும் திருவெளிப்பாடும் அடங்கிய ஒரு லத்தீன் ஏட்டுக்கு அப்படிக் கீற்றுகள் தேவைப்பட்டன. கைக்குக் கிடைத்தது பழைய மறையுரைத் தொகுப்பு ஒன்று. லத்தீனும் போலிஷும் கலந்து, சுருக்கக் குறிகள் மண்டிய எழுத்து. படிக்க ஆளில்லாத அந்தத் தோலை நறுக்கிப் போட்டார்கள்.

போலிஷ் உரைநடையில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அதுதான்.

பழைய போலிஷ் இலக்கியம் என்றதும் எல்லோரும் 'போகுரோஜித்சா' என்ற மரியன்னைப் பாடலைத்தான் முதலில் சொல்வார்கள். 1410இல் கிருன்வால்ட் போர்க்களத்தில் படை பாடியதாக வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதிய பாட்டு அது. ஆனால் அதன் மிகப் பழைய படியே 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. இந்தக் கீற்றுகளோ 14ஆம் நூற்றாண்டின் கையெழுத்து. அந்தப் பாடலுக்குத் தரும் இடத்தை இவற்றுக்கும் தர வேண்டும் என்பேன். நறுக்கியதில் தப்பியவை ஆறு மறையுரைகள். புனித கத்தரீனுக்கான உரை மட்டும் முழுமையாக இருக்கிறது. மற்ற ஐந்தும் துண்டுகள். அவற்றில் ஒன்று மரியன்னையின் சுத்திகரத் திருநாளுக்கானது. எழுதியவர் பெயர் தெரியாது. ஆனால் காது தேர்ந்தவர். வினைச்சொற்களை அடுக்கி, இறுதி ஓசைகளை இயைய விட்டு, உரைநடையைப் பாட்டின் விளிம்புக்கே கொண்டுபோகிறார். எழுத்துமொழியாக அப்போதுதான் தலையெடுத்த ஒன்றில் இவ்வளவு பிடி இருந்திருக்கிறது.

கீற்றுகளைத் தாங்கிய லத்தீன் ஏடு பிறகு வீசா கூரா மலையிலிருந்த திருச்சிலுவை மடத்துக்குப் போனது. சிலுவையடியில் மரியாவே வாய்விட்டு அழுவதாக அமைந்த போலிஷ் புலம்பல் பாட்டை 1470களில் எழுதிவைத்தவரும் அந்த மடத்துத் துறவிதான், ஸ்வூப்பியா ஊர் அன்ஜேய். அதே கூரையின் கீழ் மறையுரைகளும் தையலுக்குள் கிடந்தன. ஒருவரும் அறியவில்லை.

1819இல் மடம் கலைக்கப்பட்டு நூல்கள் வார்சாவுக்கு வந்தன. 1830இல் வெடித்த எழுச்சியை அடக்கியபின் ரஷ்ய அரசு அவற்றை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்துக்கு அள்ளிச் சென்றது. அங்கேதான் 1890இல், பெர்லின் பேராசிரியர் அலெக்சாண்டர் ப்ரூக்னர் லத்தீன் ஏட்டைப் புரட்டும்போது மடிப்புகளில் போலிஷ் எழுத்தைக் கண்டார். 18 கீற்றுகளையும் பிரித்தெடுத்து, வரியோடு வரி பொருத்தி வாசித்தார். மடத்தின் பெயரால் 'திருச்சிலுவை மறையுரைகள்' என்ற பெயர் ஊன்றிவிட்டது.

1921ஆம் ஆண்டு ரீகா உடன்படிக்கையால் அவை வார்சாவுக்குத் திரும்பின. 1939இல் போர் வந்ததும் ருமேனியா, பிரான்ஸ், இங்கிலாந்து வழியே கனடாவுக்குக் கடத்தினார்கள். பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து உடன் திரும்பிய கையெழுத்து ஏடுகளில் பெரும்பகுதி வார்சாவிலேயே தங்கியது. 1944 அக்டோபரில், வார்சா எழுச்சி சரணடைந்த பிறகு, ஜெர்மானியர் அவை இருந்த ஒகூல்னிக் தெருக் கட்டடத்துக்கு வேண்டுமென்றே தீ வைத்தார்கள். போலந்தின் எழுத்து நினைவில் பெரும் பங்கு அன்றே சாம்பலாயிற்று. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

போர் முடிந்தும் கனடாவிலிருந்தவை உடனே வரவில்லை. வார்சாவின் புதிய கம்யூனிஸ்ட் அரசிடம் ஒப்படைப்பதா என்று நாடுகடந்த போலந்துக்காரர்கள் மல்லுக்கட்டினார்கள். 1959இல்தான் கீற்றுகள் திரும்பின. இன்று வார்சா தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கத்தி விழுந்த ஓரங்களில் பாதி போன எழுத்துகளை எப்படி நிரப்பி வாசிப்பது என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள்.