பீட்டர் முயலும் சோட்டா பீமும்

கம்மாபுரத்தில் நம் இல்லத்திற்கு அண்மையில் ஒரு பொதி வந்தது. தங்கை மகனின் பிறந்தநாளுக்கென இணையத்தில் வாங்கிய சோட்டா பீம். காவி வேட்டி சரியாகவே இருந்தது, முகம்தான் யாருடையதோ! அட்டையில் அச்சிட்டிருந்த விலையோ நாம் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இவ்வகைக் களவு இணையத்தினும் மூத்தது. பீட்டர் முயலின் கதையை 1902இல் நூலாக வெளியிட்ட பியாட்ரிக்ஸ் பாட்டர், மறு ஆண்டே தம் கையால் துணி முயலொன்றைத் தைத்து அதன் வடிவத்தை இலண்டனில் பதிவு செய்தார். கதைமாந்தர் கடைச்சரக்கான வரலாற்றில் அது முன்னோடி. ஆனால் நூலுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை பெறப் பதிப்பகத்தார் தவறினர். 1904இலேயே அங்குத் திருட்டுப் பதிப்பு விற்றது.

பீமன் கதை சற்றுச் சிக்கலானது. வியாசரின் பீமனுக்கு உரிமையாளர் எவருமிலர். எந்தத் தச்சரும் செய்யலாம். 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த, ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் வரைந்த முகத்துக்கு மட்டும் உரிமையாளர் உண்டு. போலி விற்பவர் இந்த இடைவெளியில்தான் ஒளிந்துகொள்கிறார். பெயரைப் புராணத்திலிருந்தும் விலையைத் தொலைக்காட்சியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறார்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும் பக்கத்தில் இருத்தல் வேண்டும். பொம்மைகளுக்கு 2021 சனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், தஞ்சாவூர்த் தலையாட்டி போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும் குற்றமே. நாம் இவற்றுள் ஒன்றையும் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்திருந்தோம்.

பொம்மையைத் திருப்பியனுப்ப எடுத்தபோது பையன் தரவில்லை. அதற்குள் அவன் வேறு பெயர் சூட்டியிருந்தான்.