கோட்டும் சேலையும்: சுகம் யாருக்கு, சுமை யாருக்கு?

தை மாதத்துத் திருமண நாளொன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். டோர்வல் விமான நிலையத்துக்கு அண்மையில் ஒரு மண்டபம். வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. வாகனத் தரிப்பிடத்திலிருந்து வாயில்வரை உள்ள சிறு தூரத்தை ஆண்கள் கோட்டு, களிசான், காலுறை, சப்பாத்து ஆகியவற்றின் காப்பில் நடந்து கடக்கின்றனர். பெண்களோ பட்டுச்சேலையின் கரை பனிச்சேற்றில் தோயாதிருக்க அதனை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் குழந்தையை அணைத்து, இடையும் முழங்கையும் குளிர்காற்றுக்குத் திறந்திருக்க, மெல்லிய செருப்புடன் விரைகின்றனர். ஐந்து திங்கள் கழித்து, ஆனி மாதத்தில், அதே மண்டபத்தின் புல்வெளியில் நின்று படம் எடுக்கும் வேளையில் காட்சி தலைகீழாகின்றது. கழுத்துப்பட்டியைத் தளர்த்தவும் முடியாமல், கோட்டைக் கழற்றவும் முடியாமல் ஆண்கள் வியர்த்து வடிகின்றனர். பெண்கள் ஒருவாறு ஆறுதலாக நிற்கின்றனர்.

ஒரே வீட்டிலிருந்து ஒரே வாகனத்தில் வந்து இறங்கும் கணவனும் மனைவியும் இரு வேறு தேசங்களின் காலநிலைக்குரிய உடைகளை அணிந்திருப்பது எதனால்? பழகிப்போனமையால் இவ்வினாவை நாம் எழுப்புவதில்லை. இதற்கான விடை நமது சமூக வரலாற்றினுள்ளே கிடக்கின்றது.

வெப்ப நாட்டு அறிவு

யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 28 பாகை செல்சியசை அண்டியது. அந்நாட்டு உடைகள் அவ்வெப்பத்தை அறிந்தே அமைந்தவை. நான்கு முழ வேட்டியும் எட்டு முழ வேட்டியும் தையலற்ற துணிகள். காற்று உட்புகுந்து வெளியேற இடமுண்டு. வேலை நேரத்தில் மடித்துக் கட்டலாம். சால்வை தோளில் கிடக்கும். வெயிலில் தலைக்கு மூடாகும். வியர்வை துடைக்க உதவும். பெரியோர் முன்னிலையில் இடுப்புக்கு இறங்கும். பெண்கள் கொய்யகம் வைத்து உடுத்த பருத்திச் சேலையும் அவ்வாறே. மார்கழிப் பனிக்குத் தலைப்பை இழுத்துப் போர்த்தலாம். சித்திரை வெயிலுக்குத் தளர்த்தி விடலாம். முதிய பெண்கள் வீட்டில் குறுக்குக்கட்டுடன் இருந்ததை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். ஆண், பெண் இருபாலாரின் உடையும் சுகத்தில் ஏறக்குறைய ஒன்றையொன்று ஒத்திருந்த காலம் அது.

இன்றும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குச் செல்லும் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே செல்கின்றனர். இறைவன் சந்நிதியில் சட்டையைக் கழற்றுவது மரியாதை. துரையின் சந்நிதியிலோ அதனைப் பொத்தானிட்டு மூடுவதே மரியாதை. நமது ஆண்களின் உடை வரலாறு இந்த இரண்டு மரியாதைகளுக்கும் இடையில் நிகழ்ந்ததெனலாம்.

கோட்டு வந்த கதை

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்களுடைய உடைகள் நம் மக்களின் உடலில் ஏறுவதற்கு முன்னரே அவற்றின் பெயர்கள் நம் நாவில் ஏறின. களிசான், சப்பாத்து, பொத்தான், லேஞ்சி யாவும் போர்த்துக்கேயம் தந்த சொற்களே. எனினும் படித்த யாழ்ப்பாணத்தவர் பெருமளவில் கோட்டுக்குள் புகுந்தது ஆங்கிலேயர் காலத்திலாகும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. ஆங்கிலம் கற்றவர் இலிகிதராயினர், புரக்டராயினர், மலாயா சென்று புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்தனர். உத்தியோகம் வந்த வழியே கோட்டும் வந்தது.

அக்கோட்டு யாருடைய காலநிலைக்கு அமைந்தது? மூடுபனியும் மழையுமுள்ள ஒரு வடநாட்டுக்கு. கம்பளித் துணி, உட்புறத்தே இன்னொரு துணி, கழுத்தை இறுக்கும் பட்டி: இவை யாவும் உடல் வெப்பத்தை வெளியேற விடாது காப்பதற்கு ஏற்றவை. வெப்பத்தை வெளியேற்றுவதே தேவையாயுள்ள நாட்டில் அதனை அணிவதென்பது நாள்தோறும் ஏற்றுக்கொண்ட ஒரு சிறு தண்டனை. ஆயினும் அத்தண்டனையை ஏற்றவனுக்கே கந்தோரில் கதிரை கிடைத்தது. கிராமத்தில் அவனுடைய வியர்வையை எவரும் பார்க்கவில்லை, கோட்டையே பார்த்தனர்.

இதனை எதிர்த்த குரல்களும் எழாமலில்லை. கொழும்பிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றவர். ஐரோப்பிய உடையை நம்மவர் கண்மூடிப் பின்பற்றுவதை அவர் கடிந்து எழுதினார். கோட்டுக்குள்ளேயே வளர்ந்த ஒருவர் கோட்டை வேண்டாமென்றதும், வேட்டிக்குள் வளர்ந்தவர்கள் அதனை விரும்பியதும் வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. பின்னர் 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், வாலிபர் காங்கிரஸாக வளர்ந்து, கதரையும் தேசிய உடையையும் போற்றியது. 1921 செப்டெம்பர் 22ஆம் நாள் மதுரையில் தம் மேலாடைகளைத் துறந்து அரைத்துண்டுக்கு மாறிய காந்தியடிகள், 1927 நவம்பரில் இக்காங்கிரஸின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்தார். மக்கள் திரண்டு வந்து வரவேற்றனர்; கதர் நிதிக்கு வாரி வழங்கினர். ஆயினும் கோட்டு மறையவில்லை.

மறுக்கப்பட்ட மேலாடை

இங்கே நாம் மறைக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. வேட்டியும் சால்வையும் சேலையும் நம் அனைவருக்கும் உரிய உடைகளாக எக்காலத்திலும் இருந்தன என்று சொல்வது உண்மையாகாது. தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்பட்டோரின் ஆண்கள் சால்வை போடுவதும் முழங்காலுக்குக் கீழே வேட்டியை விடுவதும், பெண்கள் மேற்சட்டை அணிவதும் யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் பலவற்றிற் சென்ற நூற்றாண்டிலும் தடுக்கப்பட்டன. மீறியோர் தாக்கப்பட்டனர். கடலுக்கு அப்பால், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாயுள்ள தென்திருவிதாங்கூரிலும் இதுவே நிலை. அங்குள்ள நாடார் குலப் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி, 1859 ஜூலை 26ஆம் நாள் அரச பிரகடனத்தின் மூலம் அவ்வுரிமையைப் பெற்றனர். அப்பொழுதும் உயர்சாதிப் பெண்களைப் போன்று உடுத்தக்கூடாதென்ற நிபந்தனை இருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? உடையின் சுகத்தைத் தீர்மானித்தது வெயிலும் குளிரும் மாத்திரமல்ல. யார் எதனை உடுத்தலாம் என்று சொல்லும் அதிகாரம் எவரிடம் இருந்ததோ அவரே தீர்மானித்தார். துரை ஒருவனுக்குக் கோட்டை அணிவித்தான். அக்கோட்டணிந்தவன் ஊரில் இன்னொருவனின் சால்வையைப் பறித்தான்.

சேலையும் மாறியதே

ஆண் கோட்டுக்கு மாறியபோது பெண் சேலையிலேயே நின்றாள் என்று நாம் பெருமை பேசுவதுண்டு. அதுவும் முழு உண்மையன்று. இன்று சேலையுடன் பிரிக்க முடியாதனவாகக் கருதப்படும் தைத்த சட்டையும் உட்பாவாடையும் இன்றைய வடிவத்தைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, ஐரோப்பியத் தொடர்பினாலாகும். முன்னே கொய்து தோளில் தலைப்பிடும் இன்றைய பொதுமுறை பரவுவதற்கு, 1860களில் பம்பாயில் வாழ்ந்த வங்காளப் பெண்மணி ஞானதானந்தினி தேவி துணைபுரிந்தார். பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு அவர் அதனைத் திருத்தியமைத்தார். ஆகவே ‘ஆதியிலிருந்து மாறாத உடை’ என்று நாம் பெண்கள்மீது சுமத்துவது, நம் பூட்டியார் அறியாத ஓர் உடையேயாகும்.

ஐரோப்பாவும் இத்தொல்லையிலிருந்து தப்பவில்லை. 1881இல் இலண்டனிற் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றியது. பெண்ணொருத்தியின் உள்ளாடைகளின் நிறை ஏழு இறாத்தலுக்கு மேற்படலாகாதென்று அது கோரியதாயின், அவள் அதற்குமுன் சுமந்த பாரத்தை எண்ணிப் பாருங்கள். சுமார் அரை நூற்றாண்டின் பின், 1929இல், அதே நகரில் ஆண்கள் உடைச் சீர்திருத்தக் கட்சி அமைத்தனர்; இறுகிய கழுத்துப்பட்டியும் கனத்த கோட்டும் உடல்நலத்துக்குக் கேடு என்றனர். பெண்களின் உடை காலப்போக்கில் இலேசாயிற்று. ஆண்களின் கட்சியோ 1940இல் மறைந்துவிட்டது, கோட்டு நிலைத்துவிட்டது.

நாம் வாழும் கரை

டோர்வலை அடுத்துள்ள லசீன், ஒருகாலத்தில் உரோம வியாபாரத்தின் வாயிலாக விளங்கியது. 1803இல் அங்கு கட்டப்பட்ட உரோமக் களஞ்சியம் இன்றும் பார்வைக்குண்டு. கனடாவின் ஐந்து சதக் குற்றியில் நாம் காணும் பீவர் என்னும் விலங்கின் தோல்கள் உள்நாட்டிலிருந்து இந்த நீர்வழியாகவே வந்தன. இம்மண்ணின் ஆதிக்குடிகள் விலங்குத் தோலைக் குளிருக்குப் போர்வையாக்கினர். வடக்கே இனுயிற் மக்களின் தாய்மார் அணியும் ‘அமௌற்றி’ என்னும் அங்கியின் முதுகுப்புறத்தில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமுண்டு. தாயின் உடற்சூட்டிலேயே குழந்தை உறங்கும். ஐரோப்பாவுக்குச் சென்ற பீவர் உரோமமோ கனவான்களின் தொப்பியாயிற்று. ஒரே விலங்கு ஓரிடத்திற் சுகமாகவும் இன்னோரிடத்தில் மதிப்பாகவும் மாறியது.

1941இல் திறக்கப்பட்ட டோர்வல் விமான நிலையத்தில் மொன்றியாலின் வெப்பநிலை பதிவு செய்யப்படுகின்றது. 1957 ஜனவரி 15ஆம் நாள் அங்கு பூச்சியத்துக்குக் கீழே 37.8 பாகையும், 1975 ஆகஸ்ட் முதலாம் நாள் பூச்சியத்துக்கு மேலே 37.6 பாகையும் பதிவாயின. எழுபத்தைந்து பாகை வேறுபாடு! யாழ்ப்பாணத்துச் சேலையும் இலண்டன் கோட்டும் இந்த ஊரின் ஆண்டு முழுவதற்கும் ஈடுகொடா.

அந்த 1941ஆம் ஆண்டிலேயே அறிவியலாளர் மூவர் உடையின் வெப்பக் காப்பை அளக்க ‘குளோ’ என்னும் அலகை வகுத்தனர். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவர் 21 பாகை வெப்பமுள்ள அறையிற் சுகமாயிருக்கத் தேவையான உடையே ஒரு குளோ. ஏறக்குறைய ஓர் ஆணின் முழுக் கோட்டுடை அவ்வளவினது. கட்டடங்களின் வெப்பநிலைக்கான விதிகளும் 1960களில் ஆணுடலின் கணக்கைக் கொண்டே அமைந்தன. அவ்விதிகள் பெண்ணுடல் உண்டாக்கும் வெப்பத்தை 35 வீதம்வரை மிகைப்படுத்தக்கூடுமென 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். கோடைகாலத்திலும் மண்டபத்தினுள்ளே நம் பெண்கள் சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொள்வதன் காரணங்களுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாம். கோட்டணிந்தவருக்காகக் குளிரூட்டப்பட்ட அறையில் அவர்கள் அமர்ந்திருக்கின்றார்கள்.

யாருடைய தோளில் பண்பாடு?

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். 2014 ஜூலையில் சென்னையிலுள்ள ஒரு கழகத்தினுள் வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். நாடே கொதித்தது, சில வாரங்களுள் சட்டமன்றம் கூடி, வேட்டி அணிந்தவரைத் தடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமென்று சட்டமியற்றியது. ஆண் விரும்பிய உடையை அணிய உரிமை கிடைத்தது. நல்லதே.

2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியால் இலங்கை தத்தளித்த வேளையில், ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு இலகுவான உடையணிந்து பாடசாலைக்குச் சென்றனர். கல்வி அமைச்சு அதனை ஏற்கவில்லை; சேலையே வேண்டுமென்றது. அதே பாடசாலைகளில் ஆசிரியர்களாகிய ஆண்கள் வேட்டியை விட்டுக் களிசானுக்கு மாறிப் பல தலைமுறைகளாயின. அன்று பண்பாடு அழிந்ததென்று எந்த அமைச்சும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. கரும்பலகைக்கு முன் நின்றவர்களாதலால் இந்த வேறுபாட்டை நாம் நன்கறிவோம். அன்று நாமும் அதனைக் கேள்வி கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

சேலை அழகற்றதென்றோ அதனைக் கைவிட வேண்டுமென்றோ நாம் கூறவில்லை. கூறைச்சேலையின் மங்கலம் நமக்கும் தெரியும். ஆயின் தன் வசதிக்கும் மதிப்புக்கும் ஏற்ப உடை மாற்றிக்கொண்ட ஆண், பண்பாட்டைக் காக்கும் பொறுப்பை மனைவியின் தோளிலும் மகளின் தோளிலும் வைத்துவிட்டு, கம்பளிக் கோட்டினுள் கதகதப்பாக நின்று அறிவுரை சொல்வது நீதியாகாது.

1983 ஆடிக்குப் பின்னர் இந்நாட்டுக்கு வந்தோரின் முதற் குளிர்காலத்தை நினைவுகூர்வோம். தேவாலய நிலவறைகளில் இலவசமாகக் கிடைத்த பழைய அங்கிகளுள் எது ஆணுடையது, எது பெண்ணுடையது, எது மதிப்பானது என்று எவர் பார்த்தார்? கணவனின் அங்கியை மனைவி போட்டாள். தாயின் கையுறையை மகன் போட்டான். உடல் சூடாக இருந்தாற் போதும் என்றிருந்தோம். ஒன்றுமில்லாதிருந்த காலத்தில் நமக்குத் தெரிந்திருந்த இந்த உண்மை, மண்டபம் நிறைய உறவினரும் அலமாரி நிறையப் பட்டும் வந்தபின் மறந்துபோகலாமா?

அடுத்த தை மாதத்துத் திருமணத்துக்கு, பேத்தி கம்பளிச் சட்டையின்மேல் சேலை உடுத்து, பனிச்சப்பாத்துடன் வரட்டும். ஆனி மாதத்தில் பேரன் கோட்டை வீட்டில் விட்டு வேட்டியும் மெல்லிய சட்டையுமாக வரட்டும். வாயிலில் நிற்கும் பெரியோர்களாகிய நாம் அவர்களின் உடையை மேலும் கீழும் பாராது, ‘குளிருக்குள் வந்தீர்கள், உள்ளே வாருங்கள்’ என்று கைகூப்பி அழைப்போமாக.