தேட்டமும் ஜீவனாம்சமும்

குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்ச மனுவோடு நிற்கும் பெண்ணிடம் கணவரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். திருமணத்துக்குப் பின் வாங்கிய வீட்டில் அந்தப் பெண்ணின் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதை விசாரிக்க அதிகாரம் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தம்பதியரின் சொத்து வழக்குகளையும் அந்நீதிமன்றத்திடமே ஒப்படைத்திருக்கிறது. எந்தக் கணக்கில் பிரிப்பது என்பதைத்தான் இங்கே நடப்பில் உள்ள சட்டங்கள் சொல்லவில்லை. இந்தக் குறையின் பாரம் கடைசியில் குழந்தைகள் மேல் இறங்குகிறது என்பதே என் வாதம்.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் திருமணத்தை ஒட்டி அளிக்கப்பட்ட, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டும். பீரோவும் கட்டிலும் அதில் அடங்கும். பதினைந்து வருடம் தவணை கட்டிய வீடு அடங்காது. அது பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கே போகும். ஒருவர் சம்பளம் வீட்டுக்கடனுக்கும் மற்றவர் சம்பளம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருந்தால், முதலாமவரிடம் வீடு இருக்கும், இரண்டாமவரிடம் ஒன்றும் இருக்காது. சம்பளமே வாங்காமல் வீட்டைப் பார்த்துக்கொண்டவரின் நிலை இன்னும் மோசம்.

இந்தக் கடைசி நிலையைத்தான் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி எதிர்கொண்டார். கணவர் வெளிநாட்டில் உழைத்தார், மனைவி ஊரில் குடும்பத்தை நடத்தினார். அந்த வீட்டு உழைப்பும் சொத்து சேர்ந்ததற்குக் காரணம் என்று கூறி, சில சொத்துகளில் மனைவிக்குச் சம பங்கு அளித்தார். இதை ஏற்கும் சட்டம் இல்லை, ஆயினும் ஏற்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லை என்பது அவர் கண்ட வழி. துணிவான தீர்ப்பு. ஆனால் அது இரண்டாம் மேல்முறையீட்டில், பல ஆண்டு வழக்காடிய பிறகு கிடைத்தது. கையில் குழந்தையோடு வாய்தாவுக்கு அலைபவர் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

அவருக்குத் தேவையான சொல் தமிழில் நெடுங்காலமாக இருக்கிறது. 1707 வாக்கில் டச்சுக்காரர்கள் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்தது. முதுசம் பரம்பரையாக வந்தது. தேடியதேட்டம் மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்தது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தேடியதேட்டத்தை இருவருக்கும் சமமாக்கியது; 1947இல் அந்த ஏற்பாடு திருத்தப்பட்டது. தேசவழமையைப் பெண்ணுரிமைச் சட்டம் என்று நான் கொண்டாடவில்லை. அசையாச் சொத்தை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற கட்டு அதில் உண்டு. அந்தக் கட்டை விட்டுவிட்டு, சொத்தை வகுக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஏனெனில் மனைவிக்குப் பங்கு என்றதுமே இங்கே எழும் அச்சம், பூர்வீக நிலம் கைமாறிவிடும் என்பது. முதுசத்தைத் தொடாமல் தேட்டத்தை மட்டும் பிரித்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. மனைவிக்குக் கணவனின் அசையாச் சொத்திலிருந்து ஈடு தர முயன்ற திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. பரம்பரைச் சொத்தின் மதிப்பையும் கணக்கில் கொண்டுவந்ததால் தேவையற்ற சர்ச்சையில் சிக்கியது. பிறகு மக்களவையின் காலம் முடிய, அது காலாவதியானது.

இனி குழந்தைக்கு வருவோம். ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் 2001 வரை மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. வரம்பு நீங்கியது; அப்பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. மாதத்தொகை வராவிட்டால் தாய் மறுபடி மனுப்போட வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். பங்கு என ஒன்று இல்லாததால், தாயின் உழைப்புக்கான ஈடும் குழந்தையின் சோறும் படிப்பும் ஒரே தொகைக்குள் அடைபடுகின்றன. பரஸ்பர சம்மத விவாகரத்தில் அந்தத் தொகையைப் பேரம் பேசிக் குறைக்கும்போது, குறைந்தது யாருடைய பங்கு என்பது தாளில் தெரிவதில்லை. பேச்சில் கலந்துகொள்ளாத குழந்தையின் பங்கே எளிதில் குறையும். தேட்டத்தை முதலில் பிரித்துவிட்டால் குழந்தைக்கான தொகை தனியே நிற்கும்; அதைத் தாயின் பங்கைக் காட்டிக் குறைக்க முடியாது.

இதற்குப் புதிய படிவம்கூடத் தேவையில்லை. ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விதித்தது. சுயமாகச் சம்பாதித்தது, திருமணத்துக்குப் பின் கூட்டாக உள்ளது, பூர்வீகத்தில் பங்கு என்று அதில் தனித்தனி இனங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இன்று அந்தத் தாளை மாதத்தொகையைக் கணக்கிட மட்டுமே புரட்டுகிறார்கள்.